கதையை எடைபோடுவோம்: திரைப்படம், நாடகம், நாவல் ஆகியவற்றை ஆராயும் முறை

பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியைத் தராசில் வைத்த மாத்திரத்தில் கணக்கு முடிந்துவிடுவதில்லை. பாலின் எடை ஒன்று. அதிலுள்ள ரப்பரின் அளவு வேறொன்று. மழைநீர் கலந்த பால் கனமாகத்தான் இருக்கும். உறையவைத்துப் பார்த்தால் கிடைக்கும் கட்டியோ சிறியது. மரத்தினின்று வடியும் பாலிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஆதலின்தான் பாலை நிறுப்பதோடு நில்லாமல் அதன் தரத்தையும் சோதித்தறியும் வழக்கம் ஏற்பட்டது. இவ்வுண்மையை நம் வாசகர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நாம் காணும் திரைப்படங்களையும் நாடகங்களையும், படிக்கும் நாவல்களையும் இவ்வாறு சோதித்துப் பார்க்கிறோமா என்பதே இப்பாடத்தின் வினா. படம் முடிந்து வெளியே வருகிறோம். "நல்ல படம்" என்கிறார் ஒருவர்; "சுமார்தான்" என்கிறார் மற்றொருவர். "ஏன்?" என்று மூன்றாமவர் கேட்டால் இருவரிடமும் விடையில்லை. நடிகரின் பெயரையோ, பாட்டின் இனிமையையோ, சண்டைக் காட்சியின் விறுவிறுப்பையோ சொல்லி அமைந்துவிடுகிறோம். இது வாளியின் கனத்தை மட்டும் பார்ப்பதற்கு ஒப்பாகும். உள்ளே ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று பார்க்கும் முறையை இங்கே கற்போம்.

எடைபோடும் உரிமை யாருக்கு?

"நாம் படித்தவர்கள் அல்லர், கலையைப் பற்றிக் கருத்துச் சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?" என்று தயங்குவோர் தோட்டப்புறங்களில் பலர். இத்தயக்கம் வேண்டாதது. கலைப் படைப்பை மதிப்பிடும் பழக்கம் நம் நாட்டுத் தமிழரிடையே கல்லூரி மண்டபங்களில் மட்டும் வளர்ந்ததன்று. 1950ஆம் ஆண்டில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்னும் பகுதியை நடத்தினர். வாசகர்கள் எழுதி அனுப்பிய கதைகளின் குறை நிறைகளை எடுத்துக்காட்டி, கதை என்றால் என்ன என்பதை ஒரு செய்தித்தாளின் பக்கங்களிலேயே கற்பித்தனர். பின்னர் அதே பத்தாண்டில், தமிழகத்துச் சிறுகதை ஆசிரியர் கு. அழகிரிசாமி அந்நாளிதழின் ஆசிரியப் பொறுப்பில் கோலாலம்பூரில் இருந்தபொழுது, இலக்கிய வட்டம் கூட்டிக் கதைகளை விவாதிக்கச் செய்தார். மலேசியத் தமிழ் எழுத்தின் வளர்ச்சிக்கு இவ்விரு முயற்சிகளும் உரமாயின என்பதை இலக்கிய வரலாறு எழுதுவோர் யாவரும் ஒப்புக்கொள்வர். வாசகர் எடைபோடக் கற்றதனால் எழுத்தும் உயர்ந்தது.

மேலும், சில கதைகளை எடைபோடுவதற்குத் தோட்டப் பாட்டாளிகளைவிடத் தகுதியுடையோர் இலர். இருள் பிரியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, தலைவிளக்கோடு நிரைக்குள் நுழைந்தவருக்கே, ஒரு நாவலில் வரும் பால்வெட்டுக் காட்சி மெய்யா பொய்யா என்பது தெரியும்.

பினாங்கும் கலைகளும்

ஆராய்ச்சிக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகளை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. பினாங்குத் துறைமுகம் சரக்குகளோடு கதைகளையும் இறக்குமதி செய்த துறைமுகமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் இங்கே மேடையேறின. அவற்றைக் கண்டு மகிழ்ந்த உள்ளூர் மக்கள் அதே பாணியில் மலாய் மொழியில் நாடகம் நடத்தத் தொடங்கினர். 1885ஆம் ஆண்டில் மாமாக் புஷி என்பார் பினாங்கில் அமைத்த குழுவே 'பங்சாவான்' நாடகக் குழுக்களுள் முதலாவது எனப் போற்றப்படுகிறது. தமிழ்நாட்டு நாடகக் குழுக்களும் கடல் கடந்து வந்து மலாயாவின் நகரங்களில் நடித்தன.

திரைப்படத்திலும் பினாங்குக்குச் சிறப்பிடம் உண்டு. மலாய்த் திரையுலகின் மாமேதை பி. ரம்லி 1929ஆம் ஆண்டில் பிறந்த ஊர் இது. சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்து, பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் என்னும் இயக்குநரே, 1950ஆம் ஆண்டில் வெளிவந்த 'பக்தி' என்னும் மலாய்ப் படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கினார். பினாங்குத் தமிழர் ஒருவரின் கண், பினாங்கு மலாய்க்காரர் ஒருவரின் திறமையைக் கண்டறிந்தது. எடைபோடும் கண் எத்துணைப் பெரிய பயனைத் தரவல்லது என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

இரு வேலைகள்

ஒரு படைப்பை ஆராயும்பொழுது நாம் செய்யும் வேலைகள் இரண்டு. முதலாவது பகுத்துப் பார்த்தல். படைப்பில் என்னென்ன உள்ளன, அவை எவ்வாறு பொருந்தி நிற்கின்றன என்று கவனித்தல் இது. இரண்டாவது மதிப்பிடுதல். பகுத்துக் கண்டவற்றைக் காரணமாகக் கொண்டு, இது நன்று, இது குறையுடையது எனத் தீர்ப்புக் கூறுதல். முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதற்குத் தாவுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. சாட்சிகளை விசாரிக்காமல் தீர்ப்பு வழங்கும் நீதிபதியை எவரேனும் மதிப்பரோ?

பகுத்துப் பார்ப்பதற்கு ஐந்து வினாக்களை இங்கே தருகிறோம். திரைப்படமாயினும், மேடை நாடகமாயினும், நாவலாயினும் இவ்வைந்தும் பொருந்தும்.

முதல் வினா: என்ன நடக்கிறது?

கதையை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள். எளிதாகத் தோன்றும் இப்பயிற்சி உண்மையில் கடினமானது. எது முதன்மை, எது துணை என்று பிரித்தறிந்தால்தான் சுருக்கிச் சொல்ல இயலும்.

பினாங்கைக் களமாகக் கொண்ட தமிழ் நாவல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ப. சிங்காரம் என்பவர் தமிழ்நாட்டின் சிங்கம்புணரியில் பிறந்தவர். இளமையில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்றவர். போர்க்காலத்தை இப்பகுதியிலேயே கழித்தவர். போருக்குப் பின்னர்த் தாயகம் திரும்பி மதுரையில் நாளிதழ்ப் பணி செய்தவர். அவருடைய 'கடலுக்கு அப்பால்' என்னும் நாவல் 'கலைமகள்' இதழின் போட்டியில் பரிசு பெற்று 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் கதையை இவ்வாறு சுருக்கலாம்: பினாங்கில் வட்டிக்கடை ஒன்றில் பணிபுரிந்த செல்லையா என்னும் இளைஞன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்து அவன் திரும்பி வருகையில், முதலாளி தம் மகள் மரகதத்தை அவனுக்குக் கொடுக்க மறுக்கிறார். துப்பாக்கி ஏந்தியவன் இனிப் பழைய அடக்கத்தோடு கடைப்பெட்டியடியில் அமரமாட்டான் என்பது அவருடைய எண்ணம்.

இச்சுருக்கத்தைச் சொன்னவுடனே ஓர் உண்மை புலப்படுகிறது. வெளிப்பார்வைக்கு இது காதல் கதை. உள்ளேயோ, போர் ஒரு மனிதனை எவ்வாறு மாற்றிவிடுகிறது என்னும் கதை. நம்மில் பலர் பார்த்துப் பழகிய படங்களில் காதலர் இறுதியில் இணைந்துவிடுவர். இங்கே அவர்கள் இணைவதில்லை. ஏன் ஆசிரியர் அவ்வாறு முடித்தார் என்னும் கேள்வி எழுகின்ற இடத்தில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

இரண்டாம் வினா: யாருடைய கண்ணால் பார்க்கிறோம்?

ஒரே நிகழ்ச்சியைக் கிராணி ஒருவிதமாகச் சொல்வார். பால்வெட்டுத் தொழிலாளி வேறுவிதமாகச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. நிற்கும் இடம் வேறு. கதையும் அவ்வாறே ஓரிடத்தில் நின்றுகொண்டுதான் உலகைப் பார்க்கிறது.

சிங்காரத்தின் மற்றொரு நாவல் 'புயலிலே ஒரு தோணி' 1972ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாண்டியன் என்னும் இளைஞனைப் பின்பற்றி மேடானிலும் பினாங்கிலும் நடக்கும் அக்கதை, தமிழில் எழுந்த போர்க்கால நாவல்களுள் தலைசிறந்ததாகப் பலராலும் மதிக்கப்படுகிறது. அதில் நாம் காண்பது வட்டிக்கடைப் பணியாளர்களும் வணிகர்களும் படைவீரர்களும் நிறைந்த நகரத்து உலகம். அக்காலத்தில் தோட்டங்களின் நிலைமை எவ்வாறிருந்தது? அதே போரின்பொழுது, பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சயாமின் பான் போங்கையும் பர்மாவின் தான்பியூசயாத்தையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த ஏறக்குறைய 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் முடிவுற்றது. அதற்குள் காலராவாலும் பசியாலும் அடியாலும் மாண்ட நம்மவர் எண்ணற்றோர். அவ்வரலாற்றைத் தோட்டத்து மக்களின் பக்கத்தில் நின்று சொல்லும் நாவல்கள் நம் நாட்டிலேயே எழுந்தன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' அதன்பின்னர் வந்தது.

ஒரே போரைப் பற்றிய இந்நாவல்களை அடுத்தடுத்துப் படிப்போருக்குக் கண்ணோட்டம் என்பதன் பொருள் தெளிவாக விளங்கும். ஒன்றைப் படித்து மற்றதைப் பழிப்பது முறையன்று. ஒவ்வொன்றும் எங்கே நின்று பார்க்கிறது என்பதை அறிந்துகொள்வதே முறை.

மூன்றாம் வினா: எந்தக் கருவியால் சொல்லப்படுகிறது?

நாவலுக்குக் கருவி சொல். நாடகத்துக்குக் கருவி நடிப்போரின் உடலும் குரலும். திரைப்படத்துக்கோ ஒளி, ஒலி, காமிராவின் கோணம், காட்சிகளை வெட்டி ஒட்டும் வரிசை ஆகிய யாவும் கருவிகளாகும். மூன்றையும் ஒரே அளவுகோலால் அளப்பது தகாது. நாவலில் ஒருவனுடைய உள்ளத்து எண்ணத்தை ஒரு பக்கத்துக்கு எழுதலாம். மேடையில் அதை உரையாடலாலோ பாட்டாலோ காட்ட வேண்டும். திரையில் ஒரு முகத்தை அருகில் காட்டி, பேச்சே இல்லாமல் உணர்த்திவிடலாம்.

தீபக் குமரன் மேனன் இயக்கி 2005ஆம் ஆண்டில் வெளிவந்த 'செம்மண் சாலை' என்னும் மலேசியத் தமிழ்ப் படம் ரப்பர்த் தோட்டம் ஒன்றின் கதை. மேற்படிப்புக்கு ஆசைப்படும் பெண்ணையும், வருவாய் போதாத அவளுடைய குடும்பத்தையும் அது காட்டுகிறது. அதில் ஆர்ப்பாட்டமில்லை, விரைவுமில்லை. "படம் மெதுவாகப் போகிறது" என்று எவரேனும் குறை கூறினால், நாம் கேட்க வேண்டியது ஒன்று: மெதுவாகப் போவது இயக்குநரின் இயலாமையா, அல்லது தோட்டத்து நாள்களின் நடையைக் காட்ட அவர் வேண்டுமென்றே தேர்ந்த வழியா? தேர்ந்த வழியாயின், அது பயன் தந்ததா? இவ்வாறு கேட்டபின் குறை கூறினால் அக்கூற்றுக்கு மதிப்புண்டு.

கருவிகளுள் தலைப்பும் ஒன்று. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015ஆம் ஆண்டில் திரைக்கு வந்து, 2016ஆம் ஆண்டின் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வுபெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் குடும்பத்துச் சிறுவன் அப்போய் அதன் நாயகன். 'தீயது' என்று பொருள்படும் 'ஜாஹாட்' என்னும் மலாய்ச் சொல், தோட்டத்துத் தமிழர் நாவில் தேய்ந்து 'ஜகாட்' ஆயிற்று. குறும்பு செய்யும் பிள்ளையை நாம் அன்றாடம் அழைக்கும் அச்சொல்லையே இயக்குநர் தலைப்பாக்கியுள்ளார். பிள்ளை பிறவியிலேயே தீயவனா, அல்லது தீயவன் தீயவன் என்று அழைத்தே அவனை அப்படி ஆக்கிவிட்டோமா? ஒரே சொல்லில் இவ்வினாவை அவர் நம் முன் வைத்துவிட்டார் எனலாம். தலைப்பை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தவர் படத்தில் பாதியைப் புரிந்துகொண்டவராவார்.

நான்காம் வினா: உண்மையாக இருக்கிறதா?

உண்மை இரு வகைப்படும். ஒன்று விவர உண்மை. மற்றொன்று மன உண்மை.

பால்வெட்டு நடுப்பகலில் தொடங்குவதாக ஒரு கதை சொன்னால் விவரம் பிழையாகும். வெயில் ஏறுமுன் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது வெட்டினால்தான் பால் நன்கு வடியும். பட்டையைத் தாண்டிக் கட்டைவரை கத்தி பாய்ந்தால் மரம் புண்படும் என்பதையும், மங்கில் காய்ந்த ஒட்டுப்பாலும் காசு என்பதையும் அறியாதவர் எழுதும் தோட்டக் கதையில் ஏதோ ஒன்று குறைவதை நம் மக்கள் உடனே உணர்வர். தமிழகத்து நாவலாசிரியர் அகிலன் மலேசியாவுக்கு வந்து தோட்டங்களைக் கண்டுசென்று 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலை எழுதினார். விருந்தினராக வந்து பார்த்தவர் எழுதிய அந்நாவலையும், இங்கேயே வாழ்ந்தவர் எழுதிய நாவலையும் ஒப்பிட்டு, வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்குப் பட்டது எது, படாமற்போனது எது என்று குறித்துப் பார்ப்பது சிறந்த பயிற்சியாகும். புதியவர் கண்ணுக்குப் பட்டுப் பழகியவர் கண்ணுக்குப் படாதவையும் உண்டு என்பதை மறத்தலாகாது.

ஆயினும், விவரப் பிழை ஒன்றைக் கண்டவுடன் படைப்பைத் தூக்கி எறிந்துவிடலாகாது. அரிச்சந்திரன் நாடகத்தில் நடப்பவை யாவும் வரலாற்றில் நடந்தவை என எவரும் வாதிடுவதில்லை. அரசன் சொல்லைக் காக்க நாட்டை இழக்கிறான். காசி நகரத்து வீதியில் மனைவி சந்திரமதியையும் மகனையும் விற்கிறான். தானும் சுடலை காக்கும் அடிமையாகிறான். பாம்பு தீண்டி இறந்த மகனை எரிக்கத் தாய் வரும்பொழுது, தன் எசமானனுக்குரிய கூலியை அவளிடமே கேட்கிறான். இக்கதையை மேடையில் கண்ட சிறுவன் காந்தியின் உள்ளத்தில் அது அழியாத் தடம் பதித்தது என்பதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். விவரத்தில் கற்பனையாக இருந்தும் மனத்தில் உண்மையாக நிற்கும் கதைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பார்ப்பவரின் வாழ்வும் கதைக்குப் புதுப்பொருள் தரும். ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்துக் கப்பலேறிய தமிழரின் மரபில் வந்தோர் நம்மில் பலர். அவ்வொப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பின்னும் கங்காணிகள் வாயிலாக ஆள் சேர்த்தல் 1938வரை நீடித்தது. முன்பணக் கடனுக்காக உழைப்பை அடகுவைத்த முன்னோரை நினைப்பவர்க்கு, காசி வீதியில் மனிதர் விலைபோகும் காட்சி வெறும் புராணமாகத் தோன்றுமா?

ஐந்தாம் வினா: எதை விட்டுவிட்டது? எதற்காக?

ஐந்து வினாக்களுள் இதுவே மிகவும் இன்றியமையாதது. காட்டப்பட்டதைக் காண எல்லோராலும் இயலும். காட்டப்படாததைக் காண்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

சயாம் இருப்புப்பாதையைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு திரைப்படத்தின் வாயிலாகத்தான். 'குவாய் ஆற்றுப் பாலம்' என நாம் அழைக்கக்கூடிய அந்த ஆங்கிலப் படம் 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது. இலங்கையின் கித்துல்கல பகுதியில் படமாக்கப்பட்டது. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதும் பெற்றது. நடிப்பும் படப்பிடிப்பும் உயர்தரமானவை. அவற்றில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் நடுவில் நிற்பவர்கள் பிரிட்டிஷ் போர்க்கைதிகளே. அவர்களோடு சேர்ந்தும், அவர்களைவிடப் பெருந்தொகையினராகவும் மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு அக்கதையில் இடமில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களும் அவ்வாறே விடுபட்டவர்கள்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அப்படத்துக்கு மூலமான நாவலை 1952ஆம் ஆண்டில் எழுதிய பிரெஞ்சு ஆசிரியர் பியேர் பூல், போருக்கு முன்னர் மலாயாவில் ரப்பர்த் தோட்டப் பணியில் இருந்தவர். தோட்டத்து மக்களை அறியாதவர் என்று அவரைச் சொல்ல இயலாது. ஆயினும் அவர் கதையைச் சொல்லத் தேர்ந்த இடம் வேறு. அறிந்தோரும் விட்டுவிடக்கூடும் என்பதே நாம் இங்குக் கற்கும் பாடம்.

அப்படம் தீயதா? அன்று. அது தான் சொல்ல வந்ததைத் திறம்படச் சொல்கிறது. ஆனால் அதை மட்டும் பார்த்து வளரும் நம் பிள்ளை, தன் பாட்டனார் மாண்ட இடத்தைத் தன் பாட்டனார் இல்லாமலேயே நினைவில் வைத்துக்கொள்வான். நாம் கேள்வி கேட்காவிடில், நம்மை விட்டுவிட்டுச் சொல்லப்பட்ட கதையே நம் கதையாகிவிடும். படம் பார்ப்பதில் இவ்வளவு பெரிய இழப்பும் நேரக்கூடும் என்பதனாலேயே இப்பாடத்தை எழுதத் துணிந்தோம்.

"எதற்காக?" என்னும் வினாவையும் இதனோடு சேர்த்துக் கேட்க வேண்டும். பணம் ஈட்டவா, நல்லறிவு புகட்டவா, ஒரு கருத்தைப் பரப்பவா? 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கத்தின் திரைப்பட வண்டிகள் தோட்டந்தோறும் சென்று திறந்த வெளியில் படம் காட்டின. முதியோர் பலருக்கு அது நினைவிருக்கும். அவற்றில் வேடிக்கையும் இருந்தது. நல்ல செய்தியும் இருந்தது. மக்களைத் தம் பக்கம் ஈர்க்கும் நோக்கமும் இருந்தது. நோக்கம் இருப்பதனாலேயே ஒரு படம் பொய்யாகிவிடாது. ஆனால் நோக்கத்தை அறிந்து பார்ப்பவரை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. அரசாங்க வெளியீடாயினும், தனியார் படமாயினும், ஏன் இக்கட்டுரையாயினும், இவ்வினாவுக்கு உட்பட்டதே.

விடப்பட்டவற்றுள் பெண்களின் குரலும் ஒன்று. அரிச்சந்திரன் சொல் தவறாதவன் எனப் புகழப்படுகிறான். விலைபோன சந்திரமதியின் சம்மதம் எந்த அளவுக்குக் கேட்கப்பட்டது? அந்நாடகத்தை அடுத்த முறை காணும்பொழுது அவள் பேசும் இடங்களை மட்டும் எண்ணிக் கவனித்து வாருங்கள். பழகிய கதை புதியதாகத் தோன்றும்.

தீர்ப்புக் கூறுதல்

ஐந்து வினாக்களுக்கும் விடை கண்டபின் மதிப்பீடு செய்யலாம். மதிப்பீட்டில் இரு கூறுகள் இருத்தல் வேண்டும்: ஒன்று தீர்ப்பு, மற்றொன்று காரணம். 'ஜகாட்' படத்தைப் பற்றிய இரு கூற்றுகளை ஒப்பிடுவோம்.

முதற் கூற்று: "படம் நன்றாக இருக்கிறது. எல்லோரும் பார்க்க வேண்டும்."

இரண்டாம் கூற்று: "இப்படம் நன்று. ஏனெனில், சிறுவன் வழி தவறுவதற்கு அவன் ஒருவனையே குற்றஞ்சாட்டாமல், கண்டிப்பு மிகுந்த தந்தையையும், குண்டர் கூட்டத்தில் சேர்ந்த சிற்றப்பனையும், தோட்டத்தை இழந்து குடிபெயர்ந்த வாழ்வையும் சேர்த்துக் காட்டுகிறது."

இரண்டாவதை மறுக்க விரும்புபவர் அதன் காரணத்தை எதிர்த்துப் பேச வேண்டும். அவரும் படத்தைக் கூர்ந்து பார்த்தாக வேண்டும். முதலாவதை மறுப்பவருக்கு வேலையே இல்லை. "நன்றாக இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகலாம். காரணம் சொல்லும் பேச்சே உரையாடலை வளர்க்கும்.

தீர்ப்புக் கூறுகையில் தவிர்க்கவேண்டிய தவறுகள் மூன்று.

ஒன்று, நடிகர் பற்று. நமக்குப் பிடித்த நடிகர் நடித்ததனாலேயே படம் நல்லதாகிவிடாது. பிடிக்காதவர் நடித்ததனால் கெட்டதாகிவிடாது.

இரண்டு, நீதிபோதனையை மட்டும் தேடுதல். கதையில் குடிகாரனும் திருடனும் வருவதாலேயே அது தீய கதையன்று. அவர்களை எவ்வாறு காட்டுகிறது என்பதே முக்கியம். குடியைப் பெருமையாகக் காட்டும் கதைக்கும், குடி அழித்த குடும்பத்தைக் காட்டும் கதைக்கும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடாகும்.

மூன்று, நம்மவர் என்னும் சலுகை. உள்ளூர்ப் படைப்பை ஆதரிக்க வேண்டியது நம் கடமை. ஆனால் குறையை மறைத்துப் புகழ்வது ஆதரவாகாது. தண்ணீர் கலந்த பாலுக்கு முழு விலை கொடுத்தால் நாளை மேலும் தண்ணீர் கலந்தே வரும். குறையைப் பரிவோடு எடுத்துச் சொல்பவரே எழுத்தாளரின் உண்மையான நண்பர். 'கதை வகுப்பு' நடத்தியவர்கள் செய்தது அதுதான்.

இவ்வளவும் செய்தால் படம் பார்க்கும் இன்பம் போய்விடாதா என்று சிலர் அஞ்சுவர். போகாது. முதன்முறை பார்க்கும்பொழுது சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள்; அழ வேண்டிய இடத்தில் அழுங்கள். வினாக்களைப் படம் முடிந்தபின் எழுப்பலாம். எந்த இடத்தில் கண் கலங்கியது என்பதை நினைவிற்கொண்டு, அங்கே என்ன செய்து நம்மைக் கலங்கவைத்தார்கள் என்று பார்ப்பதே நல்ல தொடக்கமாகும். சமையலின் பக்குவம் அறிந்தவர் உணவைச் சுவைத்து உண்பதில் குறைந்தவர் அல்லரே.

பயிற்சி

வாசகர்கள் தம் தோட்டத்தில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து கீழ்வரும் பயிற்சிகளைச் செய்து பார்க்கலாம். எழுதப் படிக்க இயலாத முதியோரையும் அழைத்துக்கொள்ளுங்கள். கதை கேட்டுப் பழகிய அவர்களது காது நம்முடையதைவிடக் கூரியது.

1. அண்மையில் அனைவரும் பார்த்த ஒரு படத்தின் கதையை ஒவ்வொருவரும் மூன்று வாக்கியங்களில் சொல்லுக. யாருடைய சுருக்கம் மற்றவருடையதினின்றும் வேறுபடுகிறது? ஏன்?

2. அதே படத்தின் கதையை, அதில் மிகக் குறைவாகப் பேசும் ஒரு பாத்திரத்தின் வாய்மொழியாக மீண்டும் சொல்லுக.

3. தோட்ட வாழ்க்கையைக் கூறும் நாவல் ஒன்றை நூலகத்தில் பெற்று, ஒருவர் ஓர் அத்தியாயம் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டு, விவரத்தில் சரியானவை, பிழையானவை எனப் பட்டியல் இடுக.

4. "இப்படைப்பு நன்று, ஏனெனில்..." என்றோ "இப்படைப்பு குறையுடையது, ஏனெனில்..." என்றோ தொடங்கும் வாக்கியம் ஒன்றை ஒவ்வொருவரும் எழுதுக. 'ஏனெனில்' என்பதற்குப் பின் வருவது படைப்பிலிருந்து காட்டக்கூடிய சான்றாக இருத்தல் வேண்டும்.

5. சயாமுக்குப் போனவர்களைப் பற்றியோ, தோட்டத்தின் பழைய நாள்களைப் பற்றியோ முதியவர் ஒருவர் சொல்லும் கதையைக் கேட்டு எழுதிவைக்க. எந்தப் படத்திலும் நாவலிலும் வராத செய்தி அதில் ஏதேனும் உண்டா என்று பார்க்க.

ஐந்தாம் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். மற்ற நான்கையும் அடுத்த மாதத்திலும் செய்யலாம். போர்க்காலத்தைக் கண்ணால் கண்டு சொல்லக்கூடியவர்கள் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் சொல்வது ஏட்டில் ஏறினால்தான், நாளை எழுதப்படும் நாவலையும் எடுக்கப்படும் படத்தையும் நம் பேரப்பிள்ளைகள் அதனோடு ஒத்துப் பார்த்து எடைபோட இயலும்.